கல்சட்டியும் நிதான சமையலும்

வெள்ளைக்கல் என்று வழங்கும் மக்னசைட் தாதுவுக்குப் பிரசித்தி பெற்ற சேலத்துப் பூமியில், அதே மக்னீசிய வம்சத்தைச் சேர்ந்த மாக்கல்லும் கிடைப்பதால், அதைக் குடைந்து கல்சட்டி செய்யும் கைத்தொழில் இப்பிரதேசத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகு வீடுதோறும் புகவே, பரண்மேல் ஏறிய அந்தக் கல்சட்டியை, இன்று பலரும் மீண்டும் இறக்கிவருகின்றனர்.

காரணம் யாதெனில், மாக்கல் சூட்டை மெதுவாக ஏற்று மெதுவாகவே விடுவது. அன்றியும், சம எடையுள்ள எஃகைவிட ஏறத்தாழ 2 மடங்கு உஷ்ணத்தைத் தன்னுள் சேமிப்பது. ஆதலின் கொள்ளுக் கடைசலும் வற்றல் குழம்பும், அடுப்பை அணைத்த பின்னரும் சற்று நேரம் கொதித்துப் பக்குவமடைகின்றன.

புதிய சட்டியாயினும், நெடுநாள் பயனற்றுக் கிடந்ததாயினும், எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, பின்னர்ச் சில தினங்கள் சூடான சோற்றுக் கஞ்சியை ஊற்றிவைத்துப் பழக்கிய பிறகே அடுப்பேற்றுதல் வேண்டும். விறகடுப்பில் பழகிய பழைய சட்டியை எரிவாயு அடுப்புக்கு மாற்றுவோர், சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டை உயர்த்துவதும், காய்ந்த சட்டியில் குளிர்ந்த நீரை வார்க்காதிருப்பதும் அவசியம். இல்லையேல் விரிசல் காணும். காந்தம் ஒட்டும் அடிப்பாகத்தையே சூடாக்கவல்ல இண்டக்ஷன் அடுப்பு மட்டும் கல்சட்டிக்கு உதவாது.