வாக்குச்சீட்டின் கடைசிப் பந்தி

ரொறன்ரோவில் நகரசபைத் தேர்தல் நாளன்று கையில் தரும் வாக்குச்சீட்டில் முதலில் மேயர், அடுத்தது வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர், கடைசியில் கல்விச் சபை அறங்காவலர். முதல் இரண்டு பந்திகளையும் நிரப்பிவிட்டு மூன்றாவதை வெறுமையாக விட்டு வருகிறவர்கள் ஏராளம். அந்தப் பெயர்களை அவர்கள் எங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் விவாதம் நடப்பதில்லை. சீட்டில் கட்சிப் பெயரும் இருக்காது, ஒன்ராறியோவின் உள்ளூர்த் தேர்தல்களில் கட்சிக்கு இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் கரவெட்டிச் சைவக் குடும்பம், கணவர் பாசையூர்க் கத்தோலிக்கர். ஒரே வீட்டிலிருந்து ஒரே வாக்குச்சாவடிக்குப் போகிறோம். எனக்கு வரும் சீட்டில் பொதுப் பள்ளிச் சபைக்கு நிற்பவர்களின் பெயர்கள், அவருக்கு வரும் சீட்டில் கத்தோலிக்கச் சபைக்கு நிற்பவர்களின் பெயர்கள். ஒன்ராறியோவில் அரசு பணம் கொடுக்கும் பள்ளி முறைகள் நான்கு: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. எந்தச் சபையின் ஆதரவாளர் என்று பதியாதவர்கள் தாமாகவே ஆங்கிலப் பொதுச் சபைக்குள் வந்துவிடுவார்கள். பிள்ளை இருக்கவேண்டிய அவசியமில்லை, சொந்த வீடும் தேவையில்லை. நகரில் வசிக்கும், பதினெட்டு வயது நிரம்பிய கனடியக் குடியுரிமையாளர் எவரும் வாக்களிக்கலாம்.

இந்தக் கடைசிப் பந்தியில் திரும்பத் திரும்ப நின்ற ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீதன் சாண். யாழ்ப்பாணத்தில் பிறந்து பதின்ம வயதில் கனடாவுக்கு வந்தவர், இளைஞர் அமைப்புகளில் வேலை செய்தவர். 2006 நவம்பரில் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரிலிருந்து யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். அதே நாளில் அதே நகரில் லோகன் கணபதி நகரசபைக்கு வென்றார். கனடாவில் ஈழத் தமிழர் தேர்தலில் பெற்ற ஆரம்ப வெற்றிகள் அவை. அதற்கு முன் எங்கள் ஆட்கள் வேறு யாருக்கோ கொடி பிடித்தார்கள், கூட்டம் சேர்த்தார்கள், பிரியாணி கொடுத்தார்கள்.

முதல் வாசல்களில் ஒன்று கல்விச் சபையாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. புதிதாக வந்த சமூகத்துக்கு எட்டக்கூடிய உயரத்தில் இருந்த கதவு அதுதான். வேட்புமனுக் கட்டணம் 100 டொலர். இப்போது நகரசபைக்கு நிற்பவர் 25 வாக்காளரின் கையெழுத்தைக் கொண்டுபோக வேண்டும், அறங்காவலருக்கு அதுவும் வேண்டாம். இவ்வளவு மலிவான கதவாக இருந்தும் உள்ளே போகத் தெம்பு வேண்டும். ரொறன்ரோ நகரசபை உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேல் சம்பளம். அறங்காவலருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கான மதிப்பூதியம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் இரவுக் கூட்டங்களுக்குப் போகவேண்டும்.

நீதனின் தேர்தல் கணக்கைப் பார்த்தால் தோல்விகள்தான் அதிகம். 2011இலும் 2014இலும் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கு நின்றார். இரண்டு முறையும் இரண்டாம் இடம். ரேமண்ட் சோ நெடுங்காலம் கையில் வைத்திருந்த ஸ்காபரோ வட்டாரத்தில் நகரசபைக்கு நின்றும் தோற்றார். 2015இல் ரொறன்ரோ கல்விச் சபையின் அறங்காவலர் ஷோன் சென் நாடாளுமன்றத்துக்குப் போனார். காலியான இடத்துக்கு 2016 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. நீதன் மறுபடி கல்விச் சபைக்கு நின்றார், வென்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் சட்டமன்ற இடைத்தேர்தலில் நின்று ரேமண்ட் சோவிடம் தோற்றார். சோ சட்டமன்றம் போனதால் அவருடைய நகரசபை ஆசனம் காலியானது. 2017 பெப்ரவரியில் அந்த ஆசனத்தை நீதன் பிடித்தார். ரொறன்ரோ நகரசபையில் உட்கார்ந்த முதல் தமிழர் அவர்.

அது இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. 2018இல் டக் ஃபோர்டின் ஒன்ராறியோ அரசு, பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, ரொறன்ரோ வட்டாரங்களை 25 ஆகச் சுருக்கியது. புதிய வட்டாரத்தில் நீதன் 154 வாக்குகளில் ஜெனிஃபர் மெக்கெல்வியிடம் தோற்றார். நகரசபை உறுப்பினராக இருந்த ஒருவர் 2022இல் மறுபடி கல்விச் சபைக்கு நின்றபோது சிலர் அதை இறக்கம் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஏணியில் முதல் படி என்று மட்டும் நினைக்கிறவர் ஒருமுறை ஏறியபின் திரும்பி வரமாட்டார். இவர் வந்தார், வென்றார், 2024இன் கடைசியில் சபையின் தலைவரும் ஆனார். கனடாவிலேயே மிகப் பெரிய கல்விச் சபை அது. அப்போது 22 அறங்காவலர்கள், இரண்டேகால் லட்சத்துக்கு மேல் மாணவர்கள்.

அறங்காவலரால் என்னதான் செய்யமுடியும்? ஒரு தமிழ் வேட்பாளருக்காக ஸ்காபரோ மாடிக் குடியிருப்புகளில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு போனபோது வாசலுக்கு வாசல் இதே கேள்விதான். ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் கதவைப் பாதி திறந்து பிரசுரத்தை உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை, இவர் வந்தா உந்த நடைபாதைப் பனியை அள்ளுவிப்பாரோ?”

“இல்லை ஐயா, அது நகரசபை. இது பள்ளிக்கூடம்.”

“என்ர பேரப்பிள்ளையள் ரெண்டு பேர் போகினம்தான். ஆனா பள்ளிக்கூடத்தை அரசாங்கமெல்லோ நடத்துது?”

உள்ளேயிருந்து மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “மாமா, நீங்கள் இருங்கோ, நான் கதைக்கிறன்.” இரண்டாவது மகனுக்கு வாசிப்பு வரவில்லை. உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும் என்று ஆசிரியை சொல்லி ஒரு வருடமாகிறது, பெயர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில். தனியாகச் செய்விக்க ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். பாடசாலை அலுவலகத்தில் கேட்டால் சபையைக் கேளுங்கள் என்கிறார்கள். “சபை எண்டா ஆர் அக்கா? அங்க நான் ஆரோட கதைக்கிறது?”

அவர் கதைக்க வேண்டிய ஆள்தான் அறங்காவலர். தனியாளாக அவருக்கு அதிகாரம் எதுவுமில்லை. ஆசிரியரை நியமிக்கவோ அதிபரை மாற்றவோ அவரால் முடியாது. சபைக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஊழியர் ஒரேயொருவர், கல்வி இயக்குநர். 2025 வரை அவரை நியமித்து வந்தது சபை. மூன்று பில்லியன் டொலருக்கு மேற்பட்ட வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றியதும், பாடசாலை எல்லைகளை வகுத்ததும், கொள்கை எழுதியதும் சபைதான், எல்லாம் வாக்கெடுப்பில். ஆனாலும் ஒரு தாயின் தொலைபேசி அழைப்பை எடுத்து, சரியான அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோய், பதில் வரும்வரை விடாமல் கேட்க ஒரு ஆள் இருப்பது சின்ன விடயமில்லை. இலங்கையில் எங்கள் அம்மா வலயக் கல்விப் பணிமனை வாசலில் நின்றதுதான் எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் இருந்தவரை அம்மா வாக்களித்து அனுப்பவில்லை.

சபை எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 மார்ச்சில் கண்டேன். அறங்காவலர் யாழினி இராஜகுலசிங்கம் சாதி ஒடுக்குமுறை பற்றி ஒரு பிரேரணை கொண்டுவந்தார். பள்ளிகளில் இதை எப்படிக் கையாளுவது என்று வகுத்துத் தர ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவை நாடுவது அதன் சாரம். ஆதரித்தும் எதிர்த்தும் பல அமைப்புகள் வந்து பேசின. 16க்கு 5 என்று நிறைவேறியது. கனடாவில் ஒரு கல்விச் சபை இப்படி முடிவெடுத்தது அதுவே முதல் தடவை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் கடந்து வந்தபின் அதைப் பற்றி வாயே திறக்காத ஒரு சமூகத்தில், ஒரு தமிழ்ப் பெண் பதிவில் ஏறும்படி பேசி, பெயர் சொல்லி வாக்கெடுக்க வைத்தார். அந்த ஆண்டு ஒக்டோபரில் ஆணைக்குழு சாதி பற்றிய தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

அறங்காவலர் பதவி வழியாக மேலே போனவர்களும் உண்டு. மார்க்கத்தில் நீதனுக்குப் பிறகு 2010இல் அறங்காவலரான யுவனிதா நாதன், நகரசபை வழியாக 2025இல் நாடாளுமன்றம் சென்றார். பார்த்தி கந்தவேள் இரண்டு தவணை அறங்காவலராக இருந்துவிட்டு 2023இல் ரொறன்ரோ நகரசபைக்கு வந்தார். அதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் இவர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்க, நுழைந்த கதவையே மூடும் வேலை நடக்கிறது.

இது நேற்றுத் தொடங்கியதல்ல. 1997இல் ஒன்ராறியோ அரசு 129 சபைகளை 72 ஆகக் குறைத்தது. பழைய ஸ்காபரோ கல்விச் சபை, மற்றவற்றோடு சேர்ந்து 1998இல் ரொறன்ரோ சபைக்குள் கரைந்தது. அதுவரை சபைகள் தாமே கல்வி வரியைத் தீர்மானித்தன, அந்த அதிகாரமும் மாகாணத்துக்குப் போனது. அன்றிலிருந்து பணம் கொடுப்பது மாகாணம், போதாத பணத்தைப் பங்கிட்டு ஏச்சு வாங்குவது அறங்காவலர். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2018இல் ஆங்கிலக் கல்விச் சபைகளையே கலைத்தது. கியூபெக் 2020இல் பிரெஞ்சுச் சபைகளை எடுத்துவிட்டுச் சேவை மையங்களை வைத்தது. மனிரோபாவும் முயன்றது, மக்கள் எதிர்ப்பால் 2021இல் பின்வாங்கியது.

2025 ஜூனில் ஒன்ராறியோ கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா ரொறன்ரோ சபையை மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். நியமிக்கப்பட்ட ஒரு மேற்பார்வையாளரின் கைக்கு 22 பேரின் அதிகாரமும் போனது. அப்போது தலைவராக இருந்தவர் நீதன். ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான மெக்கெல்வியின் நகரசபை ஆசனம் காலியாக இருந்தது. 2018இல் 154 வாக்கில் போன அதே ஆசனம். செப்டெம்பர் 29இல் நடந்த இடைத்தேர்தலில் நீதன் அதை வென்றார்.

சபைகளில் குறைகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வீண்செலவு செய்த அறங்காவலர்கள் இருந்தார்கள், அவர்களைப் பத்திரிகைகள் கிழித்தது சரியே. ஆனால் தவறு செய்த அறங்காவலரை நான்கு வருடத்தில் வீட்டுக்கு அனுப்ப என் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. மேற்பார்வையாளரை அனுப்ப என்னிடம் எதுவுமில்லை. அறங்காவலர் பதவியையே எடுத்துவிடும் யோசனையை அமைச்சர் வெளிப்படையாகவே பேசினார். பெற்றோர் முறையிட, சபை அலுவலகத்துக்குள் ஓர் ஆதரவு மையம் வைக்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

அந்த மாடிக் குடியிருப்பு மருமகளை அண்மையில் தமிழ்க் கடையில் கண்டேன். மகனுக்கு மதிப்பீடு கிடைத்து, இப்போது சிறிய வகுப்பொன்றில் படிக்கிறான். அவருடைய அறங்காவலர் எத்தனையோ தரம் எடுத்துக் கேட்டாராம். இப்போது அவனுடைய தங்கைக்கும் அதே பிரச்சினையாம். “இந்த முறை ஆருக்கு அடிக்கிறது அக்கா?” என்று கேட்டார். சட்டமன்ற உறுப்பினரின் அலுவலக இலக்கத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு கிழமையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், நானும் எடுக்கிறேன்.