டாங்ராவில் ஒரு சீன விருந்து

பிறந்த நாளோ, பரீட்சை முடிவோ, ஊரிலிருந்து உறவினர் வருகையோ, எதுவானாலும் நம் கொல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "டாங்ராவுக்குப் போகலாமா?" வீட்டுப் பெரியவர்களுக்கோ தயக்கம். "எதில் எதைப் போட்டிருக்கிறானோ!" என்பார்கள். பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு அங்கே போய் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நாம் 'சைனீஸ்' என்று சாப்பிடுவது சீனாவில் கிடைக்காது. அது நம் நாட்டில், பெரும்பாலும் இந்த ஊரில் உருவான சமையல். 'ஹக்கா' என்பது நூடுல்ஸ் வகையின் பெயரல்ல. ஒரு மக்களின் பெயர். 'விருந்தினராக வந்த குடும்பத்தார்' என்பது அதன் பொருள். சீனாவிலேயே வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்து, பிறர் மண்ணில் குடியேறியதால் வந்த பெயர்.

சீனர் வங்காளத்துக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். பட்ஜ் பட்ஜ் அருகே கரும்பாலை வைத்த ஆச்சு என்பவரின் பெயரில் இன்றும் அச்சிப்பூர் என்ற ஊர் இருக்கிறது. பின்னால் வந்த ஹக்கா மக்கள், மற்றவர் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலை டாங்ராவில் செய்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை நகரை விட்டு மாற்ற உத்தரவிட்டது. அதன் பிறகு அங்கே உணவகங்களே முக்கியப் பிழைப்பாயின.

கடைக்கு வருகிறவரின் நாக்குக்கு ஏற்ப அவர்கள் கைப்பக்குவத்தை மாற்றினார்கள். சோயா சாஸோடு பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு சேர்ந்தன. சோள மாவு கரைத்து விட்ட கெட்டிக் குழம்பு, சோறு பிசைந்து பழகிய நமக்காகவே வந்தது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் மும்பையில் சமைத்ததுதான் முதல் சிக்கன் மஞ்சூரியன் என்பார்கள். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது! நம் சென்னைத் தெருக்களின் கோபி மஞ்சூரியன் அதன் சைவத் தம்பி.

சீனர் வீடுகளில் எல்லாவற்றையும் மேசை நடுவில் வைத்து, வெறும் சோற்றோடு பகிர்ந்து உண்பார்கள். உணவகத்தில் வரிசை உண்டு. முதலில் சூப். அடுத்து மொறுமொறுப்பாகப் பொரித்தவை: சில்லி சிக்கன், இறால், பேபி கார்ன். பிறகு நூடுல்ஸ் அல்லது ஃப்ரைட் ரைஸ், கூடவே ஒரு குழம்பு. கடைசியில் தேன் தடவிய பொரித்த நூடுல்ஸும் ஐஸ்கிரீமும். பழைய சீனச் சமையலில் பாலுக்கு இடம் மிகக் குறைவு. பனீரும் ஐஸ்கிரீமும் நமக்காக வந்தவை. தட்டுகள் பெரியவை. நான்கு பேருக்கு இரண்டு சூப், இரண்டு பொரியல், ஒரு நூடுல்ஸ், ஒரு சோறு, ஒரு குழம்பு போதும். பொரித்ததிலேயே வயிற்றை நிரப்பிவிட வேண்டாம்.

சைவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். காய்கறி சூப்பில் ஊற்றுவது கோழி எலும்பு வேகவைத்த நீரா? சாஸில் ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பிச் சாறு, உண்டா? நூடுல்ஸில் முட்டை உண்டா? "டிம் சாடா" என்று வங்காளியில் சொன்னால் முட்டை இல்லாமல் தருவார்கள். ஒரே வாணலியில் எல்லாம் புரளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது மனதுக்கு ஒவ்வாத பெரியவரை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

இரத்த அழுத்தக்காரர்கள் அஜினோமோட்டோவுக்கு அஞ்சுகிறார்கள். கவனிக்க வேண்டியது உப்பை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே சாஸைக் குறைக்கச் சொல்லுங்கள்; மேசையில் இருக்கும் புட்டியைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1962 சீனப் போரின்போது, இங்கேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். திரும்பியபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. பிறகு ஆயிரக்கணக்கானோர் கனடா முதலிய நாடுகளுக்குப் போய்விட்டார்கள். இன்று டொரண்டோவில் 'ஹக்கா' உணவகங்களில் கிடைப்பது நம் கொல்கத்தா சில்லி சிக்கன்தான்.

எஞ்சியவர்கள் டாங்ராவில் அடுப்பை அணைக்காமல் இருக்கிறார்கள். அங்குள்ள சீனக் காளி கோயிலில் நூடுல்ஸும் பிரசாதமாகத் தருகிறார்கள். பிழைக்க வந்த ஊரின் மொழியைப் பேசி, ருசியை அறிந்து, தன் பெயரையும் பண்டிகையையும் விடாமல் வாழ்வது எவ்வளவு கடினம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் வங்காளியில் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். நம்மைவிட நன்றாகவே பேசுவார்.