படத்துக்குள் ஒளிந்திருக்கும் பறவை அறிஞர்

'2.0' திரைப்படத்தைப் பார்த்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், எங்க தெருவிலே நிக்கிற செல்போன் டவராலேதான் குருவியெல்லாம் போச்சா?" என்று கேட்டார். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டின் நடுவே அவர் ஊர். டவரை அகற்றச் சொல்லி ஊரில் மனு தயாராகிறதாம். இயற்பியல் படிக்கிற பிள்ளை என்பதால் அதை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிட்டது.

2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக, ஷங்கர் இயக்கி 2018 நவம்பர் 29 அன்று வெளிவந்த படம் '2.0'. முதல் படத்துக்கு வசனம் எழுதியவர்களுள் ஒருவரான எழுத்தாளர் சுஜாதா, அது வெளிவருமுன் 2008இலேயே மறைந்தார். இரண்டாம் படத்தில் வரும் பெண் எந்திரத்தின் பெயர் நிலா. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலைப் படித்தவர்களுக்கு அதன் கதாநாயகி நிலா உடனே நினைவுக்கு வருவாள். 'புள்ளினங்காள்' பாடலை எழுதிய நா. முத்துக்குமாரும் படம் வெளிவர இரண்டாண்டுகளுக்கு முன்பே காலமானார்.

படம் தொடக்கத்திலிருந்தே முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. தொலைவு இருப்பதே காரணம். அதுபோல் இரு காமிராக்கள் இரு படங்களைப் பிடிக்கின்றன. தியேட்டரில் தரும் கண்ணாடி, தளவிளைவு முறையில் ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டுமே அனுமதிக்கிறது. சாதாரண வெள்ளைத் திரை ஒளியைச் சிதறடித்துத் தளவிளைவைக் கெடுத்துவிடும் என்பதால், இதற்கென வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும்.

இனி பறவை மனிதருக்கு வருவோம். அக்‌ஷய் குமார் ஏற்ற பட்சிராஜன் வேடம், பறவையியல் அறிஞர் சாலிம் அலியை (1896-1987) நினைவூட்டுவது. சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றே அவரைப் பறவைகளின் பக்கம் திருப்பியது. நம் கிணற்று மேட்டு மரங்களில் தொங்குகிறதே தூக்கணாங்குருவிக் கூடு, அதன் குடும்ப வாழ்க்கையை மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர் அவர். கோவை அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் ஆய்வு மையம் இருக்கிறது.

அஞ்சலி அழகுதான். ஆனால் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதிய ஒருவரின் சாயலில், நிறுவப்படாத ஒரு காரணத்தைப் பேசவிட்டது எனக்கு உறுத்துகிறது. இந்தியாவில் செல்போன் வந்தது 1995இல். சாலிம் அலி காலமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பின்!

கணக்கைப் பாருங்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு போட்டானுக்கு ஆற்றல் சுமார் 0.0000074 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளியின் போட்டானுக்குச் சுமார் 2.3, அதாவது மூன்று இலட்சம் மடங்கு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்க்க ஏறத்தாழ 10 வேண்டும். டவர் அலை திசுவைச் சிறிது சூடாக்கலாம். தெருவில் அதுவும் மிகச் சொற்பம். வானொலி அலைக்கும் பறவைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராபின் பறவைகளின் திசையறியும் திறனை 5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த மின்காந்த இரைச்சல் குலைப்பதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். ஆனால் அது செல்போன் அலைவரிசை அன்று.

குருவிக் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் உணவு. பூச்சிமருந்து அதைப் பறிக்கிறது. கூரையும் ஓடும் போய்க் கான்கிரீட் வந்ததும் கூடு கட்டப் பொந்து இல்லை. கம்பங்கதிரில் குருவி உட்கார்ந்து கொத்தும்; இன்று நம் மானாவாரிப் புஞ்சைகளில் பரவியிருக்கும் மக்காச்சோளமோ தோகைக்குள் மூடிக்கிடக்கிறது.

மாணவர் மனுவை எழுதவில்லை. ஒரு நோட்டில் தெருவாரியாகக் கூடுகளை எண்ணத் தொடங்கியிருக்கிறார். டவருக்கு எதிர்வீட்டு மீட்டர் பெட்டியில் ஒன்று இருக்கிறதாம்.