பள்ளிச் சூழலை அளத்தல்: சிறிய தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து

முன்னுரை

ஒரே பாடத்திட்டமும் ஒத்த வசதிகளும் பெற்றிருந்தும் இரு பள்ளிகள் தம்முள் வேறுபட்டு விளங்குவதுண்டு. அவ்வேறுபாட்டை விளக்கக் கல்வியியலார் கையாளும் கருத்தாக்கங்களுள் ஒன்று பள்ளிச் சூழல். பணிபுரிவோர் தம் பள்ளியை எவ்வாறு உணர்கின்றனர் என்பதே அதன் அடிப்படை. அவ்வுணர்வை அளக்கும் முறையையும், மலேசியாவின் சிறிய தமிழ்ப்பள்ளிகளில் அதனைக் கையாளுங்கால் எழக்கூடிய சிக்கல்களையும் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

அளவுகருவி

அமெரிக்க ஆய்வாளர்களான ஆண்ட்ரூ ஹால்பின், டான் கிராஃப்ட் ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் 71 தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து, 64 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கினர். ஒவ்வொரு கூற்றும் தம் பள்ளியில் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை ஆசிரியர்கள் நான்கு நிலைகளுள் ஒன்றால் குறிப்பர். கூற்றுகள் எட்டுக் கூறுகளாகப் பகுக்கப்பட்டன. மனவூக்கம், நெருக்கம் போன்ற நான்கு ஆசிரியர்களைப் பற்றியன. பரிவு, விலகி நிற்றல் போன்ற நான்கு தலைமையாசிரியரைப் பற்றியன. இவற்றின் அடிப்படையில் பள்ளிகள் திறந்த சூழல் முதல் மூடிய சூழல் வரை ஆறு வகைகளாக வரிசைப்படுத்தப்பட்டன.

சிறிய பள்ளிகளில் எழும் சிக்கல்கள்

தோட்டப்புறங்களில் தோன்றிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை குறைவு. ஆதலின் ஆசிரியர் தொகையும் குறைவு. பெயரெழுத வேண்டா எனக் கூறிவிட்டுப் பாலினம், வயது, பணிக்காலம் ஆகியவற்றை வினவினால், பத்து ஆசிரியர்களே உள்ள பள்ளியில் விடையளித்தவர் இன்னாரென எளிதில் புலப்படும். நிறைவுற்ற தாள்கள் அலுவலகத்தின் வழியே திரட்டப்படுமாயின் ஐயம் மேலும் வலுக்கும். அந்நிலையில் ஆசிரியர் தமக்கு ஊறு விளைவிக்காத விடையையே தேர்வார். அளக்கப்படுவது பள்ளிச் சூழலன்று, அச்சமே.

மற்றொரு சிக்கல் சராசரியைப் பற்றியது. பத்து ஆசிரியர்களுள் ஐவர் ஒரு கூற்றுக்கு 4 எனவும் ஐவர் 1 எனவும் குறித்தால் சராசரி 2.5 ஆகும். ஐவர் 3 எனவும் ஐவர் 2 எனவும் குறித்தாலும் அதே 2.5 தான். முன்னது இரு அணிகளாகப் பிளவுபட்ட பள்ளி. பின்னது பெரிதும் கருத்தொருமை கொண்ட பள்ளி. சராசரி இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். விடைகளின் பரவலே அதனை வெளிப்படுத்தும்.

முடிவுரை

ஆகவே, சிறிய பள்ளிகளில் ஆய்வு நிகழ்த்துவோர் இன்றியமையாத தன்விவரங்களை மட்டுமே வினவுதல் வேண்டும். தாள்களை ஒட்டிய உறைகளில் நேரடியாகப் பெறுதலும், சராசரியோடு பரவலையும் கணக்கிடுதலும், பள்ளியின் பெயரை வெளியிடாமையும் தேவை எனக் கருதுகிறோம். தம் விடை தமக்கெதிராகத் திரும்பாது என்னும் நம்பிக்கை ஆசிரியருக்கு இல்லாதவிடத்து, எத்துணைச் செம்மையான அளவுகருவியும் பயன்படாது.