அலுமினியத் தாள் மேல் ஒரு சுண்டெலி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். காற்பந்து ஆடும்போது மகனுக்குத் தலையில் அடி. மூன்றாம் நாள் திடலுக்குப் போனவன் மறுபடியும் அடிபட்டு வந்தான். வீக்கமில்லை, ரத்தமில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லையாம். ஆனால் புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று கேட்கிறார்.

ஒருமுறை மோட்டார் சைக்கிள் கூடையில் கெட்டித் தயிரை வைத்துக்கொண்டு பெர்மாஸ் பாலத்தைக் கடந்து வந்தேன். டப்பாவில் கீறல்கூட இல்லை. திறந்தால், தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருந்தது. மண்டையோட்டுக்குள் மூளையின் பாடும் ஏறக்குறைய இதுதான். தலை வெடுக்கென்று திரும்பும்போது மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு நைகின்றன. வழக்கமான ஸ்கேன் இதைப் பெரும்பாலும் காட்டாது.

இதை மனிதரிடம் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த வேதனையைச் சுண்டெலிகள் சுமக்கின்றன. பல பழைய முறைகளில் எலியின் தலையை அசையாமல் பூட்டி, மண்டையோட்டைத் திறந்து அடிப்பார்கள். திடலில் யார் தலை பூட்டப்பட்டிருக்கிறது? டெட்ராய்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட முறை என்னை வியக்க வைத்தது. சமையலறையில் இருப்பது போன்ற அலுமினியத் தாளில் ஒரு கீறல் போட்டு, மயக்கத்திலிருக்கும் சுண்டெலியை அதன்மேல் படுக்க வைக்கிறார்கள். எலியின் எடையைத் தாள் தாங்கும், அதற்குமேல் தாங்காது. 1 மீட்டர் உயரத்திலிருந்து 95 கிராம் எடைக்கட்டி குழாய் வழியே இறங்கித் தலையில் பட்டதும் தாள் கிழிகிறது. எலி குட்டிக்கரணம் போட்டுக் கீழே ஸ்பாஞ்சில் மல்லாந்து விழுகிறது. புரண்டு எழ எத்தனை நொடி என்று குறித்துக்கொள்கிறார்கள். தலையில் வெட்டுக்காயம் கிடையாது என்பதால் மறுநாளும் அதே எலியை அடிக்க முடியும்.

அதே ஆண்டு பாஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு அடிகளுக்கு இடையிலான நாட்களை மாற்றிப் பார்த்தது. தினமும் அல்லது வாரம் ஒருமுறை அடிபட்ட சுண்டெலிகள், தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருந்த மேடையைத் தேடித் திணறின. மாதம் ஒருமுறை அடிபட்டவை அப்படித் திணறவில்லை.

எலியின் மாதம் பையனின் மாதமாகாது. அதன் மூளை அரை கிராம்கூட இல்லை, மடிப்பில்லாமல் வழவழவென்றிருக்கும். நம்முடையது ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். ஆனாலும் ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடியை அலட்சியப்படுத்த முடியாது. மோட்டார் சைக்கிள் சாய்ந்தால் கைப்பிடி கோணலா என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். பையன் விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து, "இது எத்தனை விரல்?" என்று கேட்டுத் திடலுக்கே திருப்பி அனுப்புகிறோம். எனக்கு இது ஆறவில்லை.

அம்மா, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவனைத் திடலுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு அடிகளும் எந்தெந்தத் தேதியில் பட்டன என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவதை மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.