இணையப் படிவத்தில் எழுதும் விவரம் அழியாமல் காக்கும் முறைகள்

சென்னிமலை வட்டாரத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலங்களில், புன்செய்ப் பாசனப் பருவத்தில் நிலக்கடலை, எள் ஆகியவை சாகுபடி செய்யப்படுகின்றன. பிடுங்கிய கடலைச் செடியைக் காட்டில் காயப்போட்டிருக்கும் வேளையில் திடீர் மழை பிடித்துக்கொள்வதுண்டு. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. அறிவிக்கை செய்யப்பட்ட பயிரை அறுவடை செய்து வயலிலேயே பரப்பி உலர்த்தும்போது, 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழை, புயல் மழை அல்லது ஆலங்கட்டி மழையால் சேதம் ஏற்பட்டால், காப்பீடு செய்த விவசாயி இழப்பீடு கோரலாம். ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும்.

இத்தகவலை இப்போது செல்போன் செயலியிலோ இணையதளத்திலோ பதிவு செய்யலாம். அரை மணி நேரம் தட்டிய விவரம் ஒரு நொடியில் மறைந்துபோவது இங்குதான் பெரும் நஷ்டமாகிறது. மறுபடி எழுதலாம் என்று அலுத்துப்போய் விட்டுவிட்டால் கெடு கடந்துவிடும். மானிய விண்ணப்பம், பட்டா மாறுதல், குறைதீர்ப்பு மனு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விவரம் ஏன் அழிகிறது?

களத்தில் கிடக்கும் நெல்லைக் குதிரில் சேர்க்கும்வரை மழைக்குப் பயம்தான். படிவத்தில் தட்டும் எழுத்தும் அப்படிப்பட்டதே. திரையில் தெரிவதால் அது அலுவலகக் கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல. 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தி, ஒப்புகை எண் வரும்வரை அது பெரும்பாலும் நம் செல்போனின் தற்காலிக நினைவில் மட்டுமே இருக்கும். பின்வரும் காரணங்களால் அது அழியலாம்.

1. கெடு நேரம்: பாதுகாப்புக் கருதிப் பல தளங்கள், சிறிது நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். தட்டிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும். தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியதும் மறுபடி முதல் பக்கத்திற்கே கொண்டுபோய் விடும்.

2. வேறு செயலிக்குச் செல்லுதல்: சிட்டாவின் போட்டோவைத் தேடவோ, வந்த அழைப்பை எடுக்கவோ படிவத்தை விட்டு வெளியே போனால், நினைவுத்திறன் குறைந்த செல்போன்கள் அந்தப் பக்கத்தை மூடிவிடும். திரும்பி வரும்போது படிவம் வெறுமையாக இருக்கும்.

3. கைதவறுதல்: பக்கத்தின் உச்சியில் விரலால் கீழே இழுத்தால் பக்கம் புதிதாக ஏறும். 'பின்செல்' பொத்தானும் அப்படியே.

4. எழுத்து வரம்பு: இது பலருக்குத் தெரியாதது. 'சென்னிமலை' என்பது நம் கணக்கில் 5 எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 9. கொம்பு, புள்ளி, விலங்கு ஆகியவற்றை அது தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே 500 எழுத்து வரம்புள்ள கட்டம், தமிழில் சுமார் 300 எழுத்திலேயே நிரம்பிவிடும். மீதியைச் சில படிவங்கள் சொல்லாமலே வெட்டிவிடுகின்றன.

முன்னேற்பாடுகள்

விதைக்குமுன் நிலத்தைத் தயார் செய்வதுபோல, படிவத்தைத் திறக்குமுன் விவரத்தைத் தயார் செய்ய வேண்டும். முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பயிர், அறுவடை செய்த தேதி, மழை பெய்த தேதியும் நேரமும், சேதமான பரப்பு ஆகியவை வரிசையாக இருக்கட்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏக்கர் என்பது 40.47 ஏர், 81 ஏர் ஏறத்தாழ 2 ஏக்கர். இக்கணக்கை முன்னரே போட்டு வைத்தால் படிவத்தின் முன் தடுமாற வேண்டியதில்லை.

நீண்ட விளக்கத்தைப் படிவத்தில் நேரடியாகத் தட்டக் கூடாது. செல்போனிலுள்ள குறிப்பேட்டுச் செயலியில் தட்டிக்கொள்ளலாம். அல்லது வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே செய்தியாக அனுப்பிக்கொள்ளலாம். பிறகு அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து 'நகலெடு' என்பதைத் தொட்டு, படிவத்தின் கட்டத்தில் விரலை அழுத்தி 'ஒட்டு' என்பதைத் தொட்டால் போதும். படிவம் பத்து முறை அழிந்தாலும் மூலம் கையில் இருக்கும். ஆதார் எண், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றை இவ்வாறு எழுதி வைக்கக் கூடாது.

சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சேதமான பயிர் ஆகியவற்றின் போட்டோக்களையும் முன்னதாக எடுத்து, எளிதில் காணும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். செல்போனில் சார்ஜ் போதுமான அளவு இருப்பதும், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் அமர்வதும் அவசியம்.

பதிவு செய்யும்போது

படிவத்தில் 'வரைவைச் சேமி' என்ற பொத்தான் இருந்தால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதை அழுத்த வேண்டும். ஒட்டிய விளக்கத்தின் கடைசி வரி முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது.

சமர்ப்பிக்கும்போது சிக்னல் போய்விட்டால் பக்கத்தை மூடவோ புதுப்பிக்கவோ கூடாது. எழுத்து இன்னும் திரையில் இருந்தால், 'அனைத்தையும் தேர்ந்தெடு', 'நகலெடு' என்று தொட்டு, குறிப்பேட்டில் ஒட்டிப் பத்திரப்படுத்தியபின் மறுபடி முயலலாம்.

ஒப்புகை எண் வந்ததும் திரையைப் படம் பிடித்துக்கொண்டு, வீட்டிலுள்ள நோட்டிலும் அந்த எண்ணைத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். அந்த எண் வராதவரை விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகக் கருதக் கூடாது.

இ-சேவை மையத்திற்குச் செல்வோரும், எழுதிய தாளுடன் செல்வதே நல்லது. அங்கே படிவம் அழிந்தாலும் தாளைப் பார்த்து மறுபடி பதிவு செய்யலாம். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

கெடு நெருங்கும்போது

படிவம் திரும்பத் திரும்ப அழிகிறதென்றால் அதையே நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். பயிர்ச் சேதத்தை 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணில் பேசியே பதிவு செய்யலாம். வங்கியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ நேரிலும் தெரிவிக்கலாம். எந்த வழியில் தெரிவித்தாலும், பதிவு எண்ணும் தேதியும் விவசாயியின் நோட்டில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காசு செலவில்லை. தாளில் எழுத ஆகும் பத்து நிமிடம், ஒரு பருவத்தின் உழைப்புக்கு உரிய இழப்பீட்டைக் காப்பாற்றித் தரும்.