மார்க் போடாத ஒருவர்
வளரிளம் மனசு – தொடர் 9

திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்குக் கார்த்திகை பிறந்தால் தீபமும் அரையாண்டுத் தேர்வும் அடுத்தடுத்து வரும். தீபத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பென்றால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வேறு. பி.டி. பீரியடையும் பல பள்ளிகளில் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். டெஸ்ட் அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளையைப் பார்த்து, “படிக்காததுக்கு சாக்கு” என்கிறோம். சாக்கு இல்லை. பயத்தில் குடல் உண்மையாகவே பிசையும், உள்ளங்கை வேர்க்கும், மனப்பாடம் செய்தது தொண்டையில் நிற்கும்.

இந்தப் பயம் வளரும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயப்படும் பெண் அன்றைக்கு லீவு போடுகிறாள். உடனே மனசு லேசாகிறது. அந்த நிம்மதிதான் வினை. அடுத்த முறை வாசிக்கச் சொல்லும்போது பயம் இரட்டிப்பாகிவிடும். பயம் முற்றாமல் தடுக்கும் பயிற்சிகள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. முதலில் பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் இரண்டு வரி, பிறகு நாலு பேர் கொண்ட குழுவில் ஒரு பத்தி, அதன் பிறகே முழு வகுப்பு. தவிர்க்காமல், படிப்படியாக.

இது ஓரிரு பிள்ளைகளின் சிக்கல் மட்டுமல்ல. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

ரமணாசிரமம் இருக்கிற ஊர் இது. “பிள்ளைகளுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தால் போதாதா?” என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழும். விரும்பிச் செய்பவருக்குத் தியானம் பெரிய துணை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிரிட்டனில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ‘மிரியட்’ ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. வகுப்பு முழுவதற்கும் பாடம்போல நடத்திய, தியானத்தை ஒட்டிய மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்), வழக்கமான பள்ளி வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை.

வேறு விதமான ஒரு முயற்சிக்குப் பலன் கிடைத்தது நம் நாட்டிலேயே, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில். ‘செஹர்’ என்ற அந்தத் திட்டம் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். இன்னொரு பகுதியில் பள்ளிக்கு ஒருவராக ‘மித்ரா’ என்ற ஆலோசகரைப் போட்டார்கள். மனநல நிபுணர் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். சுவர்ப் பத்திரிகை, மனக்குறை எழுதிப் போடும் பெட்டி, காலை வழிபாட்டில் பேச்சு, தேடி வருபவரோடு தனியாக உரையாடல், இவைதான் வேலை. 2018இல் ‘லான்செட்’ இதழ் முடிவுகளை வெளியிட்டது. மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்திருந்தன. பள்ளியின் சூழலே மாறியிருந்தது. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. பாடம் முடிக்க வேண்டும், ‘எமிஸ்’ இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும், தேர்ச்சி சதவீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மார்க் போடுகிறவரிடமே போய் “மார்க்கை நினைத்தால் பயமாக இருக்கிறது” என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

தமிழ்நாட்டில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். தோற்றவர்கள் அந்த ஆண்டை இழக்காமலிருக்கத் துணைத்தேர்வு இருக்கிறது. கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 உதவி எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. இவை தேவை. ஆனால் கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் வீட்டில், எட்டாம் வகுப்புப் பெண் யாருக்கும் தெரியாமல் எப்படிப் பேசுவாள்?

ஆள் வேண்டும், பள்ளிக்குள்ளேயே. 2021இல் பள்ளி நேரத்துக்குப் பிறகு தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது அந்தந்தத் தெருவிலிருந்தே தன்னார்வலர்கள் கிடைத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் அவர்களை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியும், கௌரவமான மாதச் சம்பளமும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் மேற்பார்வையும் கொடுத்து, பள்ளிக்கு ஒருவரை நியமிக்கலாம். முதலில் ஜவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தொடங்கட்டும். அங்கே பிள்ளைக்கு வயிறு பிசைந்தால் ஓடிப்போய்ச் சொல்ல அம்மாகூடப் பக்கத்தில் இல்லை.

(தொடரும்)